சிங்க் போயிடுச்சு சார்!

(பெரிய காஞ்சிபுரத்தில் நடந்த முன்னாள் மாணவர் கூடலில் ஆற்றிய உரை. பேச்சு நடை பெரும்பாலும் அப்படியே விடப்பட்டுள்ளது.)



"உங்க தொழிலைப் பத்திப் பேசுங்க, பசங்களுக்குப் பயன்படணும்" என்று செயலாளர் சொல்லிவிட்டார். என் தொழில் வீடியோ எடிட்டிங். டாக்டரிடம் வருகிறவர் "தலைவலி" என்று சொல்வதுபோல, என்னிடம் வருகிறவர்கள் சொல்லும் வார்த்தை ஒன்றே ஒன்றுதான். "சார், சிங்க் போயிடுச்சு!"

சிங்க் என்றால் என்ன? உதடு அசையும்போதே சொல் கேட்க வேண்டும். தவில்மீது கோல் விழும்போதே சத்தம் வர வேண்டும். நம்ம ஊர்க் கல்யாணத்தில் ஐயர் கையைத் தூக்குகிறார், கெட்டிமேளம் முழங்குகிறது, மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறார். இந்த மூன்றும் ஒன்றாக நடந்தால்தான் அது தாலி கட்டும் காட்சி. மேளம் அரை விநாடி பிந்தி வந்தால், பத்தாயிரம் ரூபாய்ப் புடவையில் கறை பட்டது போலத்தான். வீட்டுக்காரர் காசைக் குறைப்பார், அதுகூடப் பரவாயில்லை. அந்த முகூர்த்தத்தை மறுபடி நடத்த முடியாதே!

இன்று நான் சொல்ல வந்தது ஒரே சங்கதி. சிங்க் கெடுவது படத்தின் கோளாறும் இல்லை, ஒலியின் கோளாறும் இல்லை. அது கடிகாரத்தின் கோளாறு. படத்துக்கு ஒரு கடிகாரம், ஒலிக்கு ஒரு கடிகாரம். இரண்டும் ஒரே வேகத்தில் ஓடவில்லை என்பதுதான் வியாதி. நெசவாளர் வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சுலபமாகச் சொல்லிவிடலாம். கோர்வைப் புடவையில் உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கும் வேறு வேறு நாடா. ஒவ்வொரு ஊடைக்கும் உடலும் கரையும் கைகோத்துக்கொள்ள வேண்டும். ஓர் இடத்தில் விட்டால் அங்கேயே தெரியாது. நாலு முழம் தள்ளி இழுத்துப் பார்க்கும்போது தெரியும். எடிட்டிங்கும் அப்படித்தான்.

முதலில் இந்த எண்கள் எங்கிருந்து வந்தன என்று பார்ப்போம். ஊமைப்பட காலத்தில் கேமராவைக் கையால் சுற்றினார்கள். விநாடிக்கு 16 பிரேம் என்பார்கள், சுற்றுகிறவர் கை வேகத்துக்கு ஏற்ப 20-ம் ஆகும். யாரும் கவலைப்படவில்லை. ஒலி வந்ததும் கதை மாறியது. ஒலி பிலிமின் ஓரத்தில் ஒரு கோடாகப் பதிவாகிறது. பிலிமின் வேகம் கூடினால் குரல் கீச்சென்று போகும், குறைந்தால் கரகரக்கும். ஆகவே 1920-களின் இறுதியில் அமெரிக்காவில் மோட்டார் வைத்து, விநாடிக்கு 24 என்று கட்டிப்போட்டார்கள். நம் தமிழ்ப் பேசும்படமான 'காளிதாஸ்' வந்தது 1931-ல். இன்றுவரை சினிமாவுக்கு 24 தான். அந்த எண் கண்ணுக்காக வந்ததைவிடக் காதுக்காக வந்தது என்பதை மாணவர்கள் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

டெலிவிஷனுக்கு நம் நாட்டில் 25. காரணம், நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ், அதில் பாதி 25. அமெரிக்காவில் மின்சாரம் 60, ஆகவே அங்கே 30 என்று வைத்தார்கள். 1953-ல் கலர் வந்தபோது, கலர் சிக்னலும் ஒலிச் சிக்னலும் மோதிக்கொள்ளாமல் இருப்பதற்காக ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்து 29.97 ஆக்கினார்கள். இங்கேயும் ஒலிக்காகத்தான்! அந்த ஆயிரத்தில் ஒரு பங்குதான் இன்று பெரிய காஞ்சிபுரத்தில் உட்கார்ந்திருக்கும் என்னைத் தூங்கவிடாமல் செய்கிறது. எப்படி என்று சொல்கிறேன்.

சிங்க் போன வீடியோ வந்தால் உடனே கத்தரியை எடுக்காதீர்கள். முதலில் நாடி பாருங்கள். ஆரம்பத்தில் ஓர் இடம், நடுவில் ஓர் இடம், கடைசியில் ஓர் இடம். தேங்காய் உடைக்கும் அடி, தவில் கோல், கைதட்டல் என்று சுருக்கென்று விழும் சத்தமாகப் பாருங்கள். சினிமாவில் கிளாப் பலகை அடிப்பதே இதற்காகத்தான். அந்த மூன்று இடத்திலும் எவ்வளவு பிரேம் வித்தியாசம் என்று காகிதத்தில் எழுதுங்கள். வியாதி மூன்று வகை. வைத்தியமும் மூன்று வகை.

முதல் வகை, தள்ளி நிற்பது. மூன்று இடத்திலும் ஒரே அளவு வித்தியாசம். கடிகாரங்கள் சரியாகத்தான் ஓடுகின்றன, தொடங்கிய நேரம்தான் வேறு. ஒலியை அத்தனை பிரேம் நகர்த்தினால் முடிந்தது. இதற்கு இயற்கையான ஒரு காரணமும் உண்டு. ஒலி விநாடிக்குச் சுமார் 350 மீட்டர்தான் ஓடும், நம் ஊர் வெயிலுக்கு அந்தக் கணக்கு. 25 பிரேமில் ஒரு பிரேம் என்பது 40 மில்லிவிநாடி. அந்த நேரத்தில் ஒலி 14 மீட்டர் போகும். மண்டபத்தின் பின்கோடியில் 28 மீட்டர் தள்ளிக் கேமரா வைத்து, கேமரா மைக்கிலேயே ஒலி எடுத்தால் மேளம் இரண்டு பிரேம் பிந்தித்தான் பதிவாகும். கருவி கெட்டுப்போகவில்லை, தூரம்தான் காரணம்.

ஒலி கொஞ்சம் பிந்தினால் மனிதர் பொறுத்துக்கொள்வார், முந்தினால் பொறுக்கமாட்டார். இடி மின்னலுக்குப் பின்னால்தானே வருகிறது! தூரத்தில் சலவைக்காரர் துணியை அடித்து, கை மேலே போன பிறகு சத்தம் வருவதைப் பார்த்தே வளர்ந்தவர்கள் நாம். சர்வதேசத் தொலைத்தொடர்பு ஒன்றியத்தின் பரிந்துரையிலும் இந்தக் கணக்கு இருக்கிறது. ஒலி 45 மில்லிவிநாடி முந்தினாலே கண்டுபிடித்துவிடுவோம், பிந்துவதென்றால் 125 வரை தெரியாது. ஆகவே சந்தேகம் வந்தால் ஒலியை ஒரு பிரேம் பின்னால் வையுங்கள், முன்னால் வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. புளூடூத் ஹெட்போன் போட்டுக்கொண்டு சிங்க் பார்க்காதீர்கள். அது தானே நூறு இருநூறு மில்லிவிநாடி பிந்தும். நீங்கள் அதற்கு ஈடாக ஒலியை முன்னால் இழுத்து வைப்பீர்கள். வீட்டுக்காரர் சாதாரண டிவியில் போட்டால் பாட்டு முந்திக்கொண்டு ஓடும். வயர் உள்ள ஹெட்போன்தான் நியாயம் சொல்லும்.

இரண்டாம் வகை, நழுவுவது. ஆரம்பத்தில் சரி, நடுவில் கொஞ்சம், கடைசியில் அதிகம். இப்போது கடிகார வேகமே வேறு. இங்கே நகர்த்தினால் போதாது, விகிதம் கண்டுபிடிக்க வேண்டும். கடைசியில் உள்ள வித்தியாசத்தை மொத்த நேரத்தால் வகுங்கள். ஒரு மணி நேரத்துக்கு 3.6 விநாடி வந்தால், அது நான் முன்னே சொன்ன ஆயிரத்தில் ஒரு பங்கு. 29.97-ல் எடுத்ததை யாரோ 30 என்று சொல்லி ஓட்டியிருக்கிறார்கள். 24-க்கும் 23.976-க்கும் இடையிலும் இதே கணக்குதான். எண் கிடைத்துவிட்டால் குற்றவாளி கிடைத்த மாதிரி. கோப்பின் வேகத்தைச் சரியாகக் குறிப்பிட்டாலே போதும், ஒரு வெட்டுக்கூட வேண்டாம்.

ஒலியிலும் இப்படி ஒன்று உண்டு. வீடியோவுக்கு விநாடிக்கு 48,000 மாதிரி, பாட்டு சிடிக்கு 44,100. இன்றைய மென்பொருள் பெரும்பாலும் தானே மாற்றிக்கொள்ளும். கோப்பில் தவறாகக் குறிக்கப்பட்டிருந்தால்தான் மாட்டிக்கொள்வோம். 44,100-ஐ 48,000 என்று ஓட்டினால் பத்து நிமிஷப் பாட்டு 9 நிமிஷம் 11 விநாடியில் முடிந்துவிடும். சுருதியும் அரைக் கட்டைக்கு மேல் ஏறிப் போகும். எடிட்டருக்குத் தெரியாவிட்டாலும் நாதஸ்வர வித்துவானுக்குத் தெரியும். "தம்பி, இது என் சீவாளி இல்லையே" என்பார்! 24-ல் எடுத்த சினிமாவை 25-ல் ஓட்டினாலும் இதே கதை. இரண்டரை மணி நேரப் படம் 144 நிமிஷத்தில் முடியும், சுருதி அரைக் கட்டைக்குச் சற்றுக் குறைவாக ஏறும்.

தனி ரெக்கார்டரில் ஒலி எடுக்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. ஒவ்வொரு கருவிக்குள்ளும் ஒரு படிகக் கடிகாரம் உண்டு. பத்து லட்சத்தில் இருபது பங்கு பிசகினாலே ஒரு மணி நேரத்தில் ஏறக்குறைய இரண்டு பிரேம் நழுவும். ஐந்து நிமிஷக் காட்சியில் தெரியாது. மூன்று மணி நேரம் நிறுத்தாமல் ஓடும் கச்சேரியில் தெரியும். அரைமணிக்கு ஒருமுறை கையைத் தட்டி வையுங்கள். பிறகு உங்களுக்கே நன்றி சொல்லிக்கொள்வீர்கள்.

மூன்றாம் வகை, தாவுவது. இதுதான் பொல்லாதது. இருபது நிமிஷம் சரியாக ஓடும், திடீரென்று ஒரு விநாடி தவறும். மறுபடி சரியாகவே போகும், மறுபடி தாவும். இங்கே கடிகாரம் வேகம் மாறவில்லை, அவ்வப்போது நின்று நின்று ஓடியிருக்கிறது. இன்றைக்கு இதற்கு முக்கியக் காரணம் நம் கைபேசி. வெளிச்சம் இருந்தால் 30, மண்டபத்துக்குள் இருட்டானால் 24, சூடானால் இன்னும் குறைவு என்று அது தன் இஷ்டத்துக்குப் பிரேமை மாற்றிக்கொள்ளும். மாறும் பிரேம் வேகம் என்பது இதுதான். எடிட்டிங் மென்பொருளோ எல்லாம் சீராக இருக்கும் என்று நம்பி அடுக்குகிறது. மீடியாஇன்ஃபோ என்ற இலவச மென்பொருளில் கோப்பைத் திறந்தால், பிரேம் வேகம் மாறுகிறதா நிலையானதா என்று எழுதியே காட்டும். மாறுவது என்றால், எடிட்டிங்கில் இறக்குவதற்கு முன்பே ஹேண்ட்பிரேக் போன்ற மென்பொருளில் நிலையான வேகத்துக்கு மாற்றிவிடுங்கள். வெட்ட ஆரம்பித்த பிறகு மாற்றினால் செய்த வேலை அத்தனையும் பாழ்.

"எங்க வீடியோல லைட் எல்லாம் மினுமினுக்குது சார், அது ஏன்?" என்று ஒரு மாணவர் போன வாரம் கேட்டார். அதுவும் இந்தக் குடும்பத்துக் கோளாறுதான். நம் விளக்குகள் பல விநாடிக்கு 100 தடவை மினுக்குகின்றன. 30 பிரேம், 1/60 ஷட்டர் என்று எடுத்தால் இரண்டும் ஒத்துவராது. 25 பிரேம், 1/50 ஷட்டர் வையுங்கள். கைபேசியில் 'பால்' அமைப்பு இருக்கிறதா என்று தேடிப் பாருங்கள். பாதி வியாதி அங்கேயே தீரும். 30-ல் எடுத்ததை 25-ல் போட்டால் ஆறில் ஒரு பிரேமைக் கணினி தூக்கி எறியும். சிங்க் கெடாது, ஆனால் சுவாமி புறப்பாடு வெட்டி வெட்டி நகரும். தேர் வடம் இழுப்பது போல அல்ல, தேர் விக்கல் எடுப்பது போல இருக்கும்!

இனி கோடெக். வீடியோவைச் சுருக்கி மடிக்கும் முறைக்குத்தான் அந்தப் பெயர். 2003-ல் வந்த எச்.264, 2013-ல் வந்த எச்.265 இரண்டும் எப்படி வேலை செய்கின்றன? வாசலில் முதல் நாள் முழுக் கோலம் போடுகிறோம் என்று வையுங்கள். மறுநாள் முதல் எந்தப் புள்ளி மாறியதோ அதை மட்டும் சீட்டில் எழுதி வைக்கிறோம். பத்தாம் நாள் கோலம் வேண்டும் என்றால் முதல் கோலத்திலிருந்து சீட்டுகளைப் படித்துக்கொண்டே வர வேண்டும். இடம் மிச்சம், ஆனால் வேலை அதிகம். எடிட்டிங்கில் முன்னும் பின்னும் தாவுகிறோம், கணினி திணறுகிறது. படம் தங்கித் தங்கி வரும், ஒலி போய்க்கொண்டே இருக்கும். பார்க்கிறவர் "சிங்க் போயிடுச்சு" என்பார். போகவே இல்லை! கோப்பு நன்றாகத்தான் இருக்கிறது, கணினிக்குத்தான் மூச்சு வாங்குகிறது. இதை நம்பி ஒலியை நகர்த்தினால், இல்லாத வியாதிக்கு ஆபரேஷன் செய்த கதை. ஒவ்வொரு பிரேமையும் முழுக் கோலமாக வைக்கும் புரோரெஸ், டி.என்.எக்ஸ். போன்ற கோடெக்குக்கு மாற்றிக்கொள்ளுங்கள். அல்லது 'பிராக்ஸி' என்ற சிறிய நகலில் வெட்டுங்கள். சந்தேகம் இருந்தால் இரண்டு நிமிஷத்தை எக்ஸ்போர்ட் செய்து வேறு கருவியில் ஓட்டிப் பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

இவ்வளவு கணக்கும் எதற்கு என்று கேட்பீர்கள். ஒரு சம்பவம் சொல்கிறேன்.

ஒரு நெசவாளர் குடும்பத்திலிருந்து ஒருவர் வந்தார். அவர் அப்பா காலமாகிப் பல வருஷம் ஆகிறது. 1993-ல் யாரோ எடுத்த வி.எச்.எஸ். கேசட்டில் அப்பா குழித்தறியில் உட்கார்ந்து, கோர்வை எப்படிப் போடுவது என்று பேரனுக்குச் சொல்லிக்கொடுக்கிறார். 52 நிமிஷம். அவர் குரல் இருக்கும் பதிவு அது ஒன்றுதான். அதை எங்கேயோ கொடுத்துக் கணினிக்கு மாற்றியிருக்கிறார்கள். "அப்பா பேசுறது வாயோட சேரல சார். வேற யாரோ பேசுற மாதிரி இருக்கு" என்றார்.

நாடி பார்த்தேன். ஆரம்பத்திலேயே ஒலி முந்துகிறது, நடுவில் பிந்துகிறது, கடைசியில் மட்டும் சரி. விசித்திரமாக இருந்தது. பிறகு புரிந்தது. கேசட்டில் பூஞ்சை பிடித்து, சில இடங்களில் நாடா கசங்கியிருந்தது. அந்த இடங்களில் மாற்றும் கருவி பிரேம்களைத் தவறவிட்டிருக்கிறது, ஒலியோ தடையில்லாமல் ஓடியிருக்கிறது. 25 பிரேம் தவறினால் ஒரு விநாடி போச்சு. அதாவது இது தாவும் வியாதி. அதற்கு நழுவும் வியாதிக்கான மருந்தைக் கொடுத்து, மொத்த ஒலியையும் நசுக்கிக் கடைசியைப் பொருத்திவிட்டார்கள். நன்றாக இருந்த முதல் இருபது நிமிஷமும் அதில் கெட்டுப்போயிற்று.

இதற்குக் கணினியில் மருந்து இல்லை. மூலத்துக்குத்தான் போக வேண்டும். "கேசட்டைத் தூக்கிப் போட்டுடலையே?" என்று கேட்டேன். நல்லவேளை, பீரோவில் இருந்தது. நாடாவைச் சுத்தம் செய்து, நல்ல நிலையில் உள்ள டெக்கில் போட்டு, சிக்னலின் நேரத்தைச் சீர்படுத்தும் கருவி வழியாக மறுபடி மாற்றினோம். ஒத்துப் பார்க்கக் கிளாப் பலகை இல்லை. தறிப் பலகை இருந்தது! ஒவ்வொரு ஊடைக்கும் பலகை அடிக்கும் 'டக்' என்ற சத்தம். 52 நிமிஷத்திலும் அது விழுந்துகொண்டே இருக்கிறது. எந்த இடத்தில் நிறுத்தினாலும் பலகையும் சத்தமும் சேர்ந்திருந்தன. மகன் வந்து பார்த்தார். ஒன்றும் பேசவில்லை. கடைசியில், "அப்பாவேதான்" என்றார்.

நண்பர்களே, உங்கள் வீட்டு அலமாரிகளிலும் இப்படிக் கேசட்டுகள் இருக்கும். அதை ஓட்டும் வி.சி.ஆர். கருவியைக் கடைசியாகத் தயாரித்துக்கொண்டிருந்த ஜப்பானிய ஃபுனாய் கம்பெனி 2016 ஜூலையோடு நிறுத்திவிட்டது. இருக்கும் பழைய கருவிகளும் தேய்ந்துகொண்டே போகின்றன. மாற்ற வேண்டியதை இப்போதே மாற்றிவிடுங்கள். மாற்றிய பிறகும் கேசட்டை எறியாதீர்கள்.

மாணவச் செல்வங்களுக்கு முடிவாக ஒன்று. சின்ன காஞ்சிபுரத்தில் அத்தி வரதர் 1979-ல் வெளியே வந்தார். பிறகு 2019-ல் ஜூலை 1 முதல் ஆகஸ்ட் 17 வரை, 48 நாள். அடுத்தது 2059-ல். 1979-ல் கையில் வீடியோ கேமரா வைத்திருந்தவர் எத்தனை பேர்? 2019-ல் கைபேசி இல்லாமல் போனவர் எத்தனை பேர்? அன்று எடுத்த காட்சிகளை 2059-ல் உங்கள் பேரப்பிள்ளைகள் திறந்து பார்க்க வேண்டாமா? வாட்ஸ்அப்பில் வந்து வந்து நசுங்கிய நகலை நம்பாதீர்கள். கைபேசியில் எடுத்த மூலக் கோப்பை அப்படியே வையுங்கள். அதோடு நிலையான பிரேம் வேகத்தில், 48,000 ஒலி மாதிரியில், எல்லாரும் படிக்கும் கோடெக்கில் ஒரு நகல் வையுங்கள். இரண்டு டிஸ்க், இரண்டு வீடு. சில வருஷத்துக்கு ஒருமுறை திறந்து பார்த்துப் புது டிஸ்க்குக்கு மாற்றுங்கள். கூடவே எத்தனை பிரேம், என்ன கோடெக், எந்த நாள், யார் யார் என்று ஒரு துண்டுக் காகிதத்தில் எழுதி வையுங்கள்.

எடிட்டிங் கற்றுக்கொள்ள வருகிற பிள்ளைகளிடம் நான் முதல் நாள் மென்பொருளைத் திறக்கச் சொல்வதில்லை. "எத்தனை பிரேம்ல எடுக்கப் போறோம், ஒலி எத்தனை மாதிரி, எல்லாக் கேமராவும் ஒண்ணா இருக்கா, கேட்டுட்டு வா" என்றுதான் சொல்வேன். படப்பிடிப்புக்கு முன்னால் ஐந்து நிமிஷம் கேட்டால், பின்னால் ஐந்து ராத்திரி மிச்சம். பாவு ஓட்டும்போதே எண்ணிக்கை சரியாக இருந்தால், தறியில் உட்காருகிறவருக்குக் கஷ்டம் இல்லை.